மாதச் சம்பளம் வேண்டாமாம்!

அரைக்காசு என்றாலும் அரசாங்கக் காசு என்று வளர்ந்தவர்கள் நாம். அது கிடைக்காவிட்டால் பாங்க், எல்.ஐ.சி. இப்போது கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டால் "ஃப்ரீலான்சிங் பண்ணப் போறேன்" என்கிறார்கள். யாரிடமும் சம்பளத்துக்கு அமராமல், இந்த வேலைக்கு இவ்வளவு என்று பேசி வாங்கிக்கொள்வது.

கோவையில் பொறியியல் கடைசி வருடம் படிக்கும் என் பேத்தியும் அந்தக் கட்சிதான். இரண்டாம் வருடத்திலிருந்தே யூடியூப்காரர்களுக்கு வீடியோ எடிட்டிங் செய்து தருகிறாள். கேம்பஸில் கிடைத்த ஐ.டி. வேலை வேண்டாமாம். என் மகள் அழாத குறை. "வீட்டுக் கடன் கேட்டா பே ஸ்லிப் எங்கேன்னு கேப்பாங்க. வரன் பார்க்கும்போது என்ன வேலைன்னு சொல்றது?"

நான்தான் தூது போனேன். சுதந்திரம், சொகுசு என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவளோ கணக்குப் போட்டாள். ஆரம்பச் சம்பளம் வருடத்துக்கு மூன்றரை லட்சம். பத்து வருடத்துக்கு முன்பு சேர்ந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதேதானாம். சீனியர்கள் சிலர் ஆஃபர் லெட்டரோடு ஒரு வருடமாகக் காத்திருக்கிறார்களாம். ஒரு ஆள் இரண்டு மாதம் பணம் தராமல் இழுத்தடித்ததையும் மறைக்காமல் சொன்னாள். கடைசியாக ஒரு கேள்வி: "உங்களுக்குப் பென்ஷன் வருது தாத்தா. எங்களுக்கு?"

மத்திய அரசு அலுவலகத்தில் 36 வருடம் இருந்தேன். மேலதிகாரி திட்டினாலும், ஊர் ஊராக மாற்றினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது அந்தப் பென்ஷனுக்காகத்தான். தமிழக அரசில் 1.4.2003 முதலும், ராணுவம் நீங்கலாக மத்திய அரசில் 1.1.2004 முதலும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, சம்பளத்தில் பிடித்தம் செய்யும் பங்களிப்புத் திட்டம்தான் என்று மாற்றிவிட்டார்கள். தனியாரில் கேட்கவே வேண்டாம். கட்டிப்போட்ட கயிற்றை அவிழ்த்த பிறகு, கன்று ஏன் முளையடியிலேயே நிற்கவில்லை என்று கேட்டால் எப்படி?

அதனால் தடுக்கவில்லை. மூன்று நிபந்தனை மட்டும் போட்டேன். வருமான வரி ரிட்டர்னை வருடம் தவறாமல் போட வேண்டும். பே ஸ்லிப் இல்லாதவரிடம் பாங்க் அதைத்தான் கேட்கும். சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். தபால் ஆபீஸில் பி.பி.எஃப். கணக்கு தொடங்க வேண்டும். அது 15 வருடம் என்பதால் சுலபத்தில் கைவைக்க முடியாது.

போன வாரம் பி.பி.எஃப். பாஸ்புக்கைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். மகளிடம் காட்டினேன். "சரி, காப்பீடு எப்போ எடுக்கப் போறாளாம்?" என்று மட்டும் கேட்டாள். முன்பு போல வேலையைப் பற்றிக் கேட்கவில்லை.