எஸ்தரை முகாமுக்குள் கொண்டுசென்ற ஒரு காதல் நாவல்

ஒரு யூதப் பெண்ணும், அவளுடைய மக்களைச் சாவுக்கு அனுப்பிவைக்கும் முகாமின் எஸ்.எஸ். தளபதியும் காதல் கொள்கிறார்கள். கேட் பிரெஸ்லின் எழுதிய ‘ஃபார் சச் எ டைம்’ என்னும் ஆங்கில நாவலின் கதைச்சரடு இதுதான். 2014ஆம் ஆண்டு பெத்தனி ஹவுஸ் என்ற அமெரிக்கக் கிறித்தவப் பதிப்பகம், இறைநம்பிக்கையுள்ள வாசகர்களை மனத்திற்கொண்டு இதனை வெளியிட்டது. கடந்த இரண்டு மாதங்களில் இருமுறை வாசித்துவிட்டேன். என் முனைவர் பட்ட ஆய்வுக்கும் இந்நூலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. விடுதியில் பக்கத்து அறையில் இருக்கும் நாகர்கோவில் தோழி, “நீங்க வாசிச்சுட்டுச் சொல்லுங்கக்கா” என்று கையில் கொடுத்ததே காரணம். அவளுக்கு வாய்மொழியாகச் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த இலக்கிய வகையைப் பற்றிச் சிறிது. ஜேனெட் ஓக் எழுதிய ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ 1979இல் இதே பதிப்பகத்தின் வழியாக வந்து பெருவெற்றி பெற்றபின், கிறித்தவ வரலாற்றுக் காதல் நாவல் என்பது தனிச்சந்தையாகவே வளர்ந்தது. சாதாரணக் காதல் கதையில் இருவர் இருப்பார்கள். இங்கே மூன்றாவதாக இறைவனும் ஒரு பாத்திரம். காதலர் இணைவது மட்டும் போதாது. இருவரில் ஒருவரேனும் ஐயத்திலிருந்து நம்பிக்கைக்கு வந்து சேர வேண்டும். பிரிவு, தாமதமாக வரும் கடிதம், வருமா வராதா என்று தெரியாத உயிர் ஆகிய எல்லாவற்றையும் போர் தானாகவே கொண்டுவந்து தருவதால், இரண்டாம் உலகப்போர் இவ்வகைக்கு மிகவும் உகந்த களமாயிற்று. வேறெங்கும் செயற்கையாகத் தோன்றக்கூடிய பிரார்த்தனை, குண்டுவீச்சின் நடுவில் இயல்பாகிவிடுகிறது.

கல்விப்புலத்தில் இத்தகைய நூல்களை ஏளனத்தோடு தள்ளிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மருந்தாளுநராகப் பயிற்சி பெற்ற சாரா சண்டின் எழுதிய ‘வித் எவ்ரி லெட்டர்’ (2012) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். காயமுற்ற வீரர்களை விமானத்தில் ஏற்றிச்செல்லும் செவிலியர் பற்றிய வரிசையில் அது முதலாவது. பெயரை மறைத்துக் கடிதம் எழுதிக்கொள்ளும் இருவரின் கதை. அந்தச் செவிலியரின் அன்றாடப் பணி அதில் அக்கறையோடு பதிவாகியிருக்கிறது. அங்கே நம்பிக்கை, வேலை செய்யும் மனிதர்களின் நம்பிக்கையாகவே இருக்கிறது. எனவே என் கேள்வி இவ்வகையைக் குறித்தது அன்று. இவ்வகையின் இலக்கணம் ஒரு வதைமுகாமுக்குள் நுழையும்போது நிகழ்வதைக் குறித்தது.

பிரெஸ்லினின் நாயகி ஹதாசா பெஞ்சமின், துப்பாக்கிப் படையின் முன்னிருந்து காப்பாற்றப்பட்டு, ஸ்டெல்லா முல்லர் என்ற பொய்ப்பெயரில் தெரேசியன்ஸ்டாட் முகாமில் தளபதி ஆரிக் ஃபான் ஷ்மிட்டின் செயலாளராகிறாள். தன் மக்கள் அவுஷ்விட்சுக்கு அனுப்பப்படுவதை அருகிருந்து பார்க்க வேண்டிய நிலை. விவிலியத்து எஸ்தர் கதையின் மறுபுனைவு இது. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை வாசித்து வளர்ந்தவர்களுக்கு ‘எஸ்தர் என்னும் அத்சாள்’ நினைவிருக்கும். அந்த அத்சாளே இந்த ஹதாசா. எஸ்தர் என்ற பெயரை விண்மீனைக் குறிக்கும் பாரசீகச் சொல்லோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. ஸ்டெல்லா என்பதற்கும் இலத்தீனில் அதே பொருள். மொழியியல் மாணவி என்ற முறையில் இந்தப் பெயர்த்தேர்வை நான் ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் தெரேசியன்ஸ்டாட் புனைவூர் அன்று. பிராகாவுக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தெரேசின் என்னும் கோட்டை நகரம் அது. 1941 நவம்பர் முதல் அங்கே சுமார் 1,40,000 யூதர்கள் கொண்டுவரப்பட்டார்கள். ஏறத்தாழ 33,000 பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே இறந்தார்கள். 87,000க்கும் மேற்பட்டோர் அவுஷ்விட்சுக்கும் பிற கொலைக்களங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கக் குழு வருகிறது என்பதற்காக நகரம் அழகுபடுத்தப்பட்டது. நெரிசல் குறைந்து தெரிய வேண்டுமென்று ஆயிரக்கணக்கானோர் அதற்குமுன் அவுஷ்விட்சுக்கு ஏற்றப்பட்டனர். முகாமுக்கு மூன்று தளபதிகள் இருந்தார்கள்: சைட்ல், புர்கர், ராம். முதலாமவரும் மூன்றாமவரும் 1947இல் தூக்கிலிடப்பட்டார்கள். புர்கர் தப்பியோடி, மாற்றுப்பெயரில் வாழ்ந்து, 1991இல் ஜெர்மனியின் எசன் நகரில் இறந்தார்.

நாவலின் தளபதி இந்த மூவருக்கும் நடுவே எங்கே நிற்பார்? உள்ளம் நொந்தவர், கடமைக்கும் மனச்சாட்சிக்கும் இடையே தவிப்பவர், காதலால் மனம் மாறுபவர். இலக்கணம் அப்படித்தான் கேட்கிறது. நாயகன் மீட்கப்பட்டாக வேண்டும். என் தயக்கத்தை என் துறையின் மொழியில் சொல்கிறேன். ‘இசைந்தாள்’ என்ற வினை பொருள்பட வேண்டுமானால், ‘மறுத்தாள்’ என்ற வினையும் அதே எழுவாய்க்கு இயல்வதாக இருக்க வேண்டும். மறுத்தால் அடுத்த தொடர்வண்டி என்னும் இடத்தில் ‘இசைந்தாள்’ என்பது வெறும் வடிவம். அதற்குள் பொருள் இல்லை.

எஸ்தரும் அரசன் முன் அப்படித்தானே நின்றாள் என்று தோழி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் எஸ்தரின் ஆகமம் அகாஸ்வேருவைக் காதலனாக்கவில்லை. அவன் மனந்திரும்பியதாகவும் சொல்லவில்லை. எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர்கூட ஓரிடத்திலும் இல்லை. எட்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் தேசத்து மக்களில் பலர் யூதராகிறார்கள். நாவலிலோ யூதப் பெண் கிறித்தவ நம்பிக்கையை நோக்கி நகர்கிறாள். யூதர் யூதராகவே பிழைத்த கதையை ஆண்டுதோறும் பூரிம் திருநாளில் வாசிக்கிற சமூகத்திடமிருந்து அதே கதையை வாங்கி, முடிவைத் திருப்பிவைத்திருக்கிறார்கள்.

2015இல் இந்நாவல் அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் ரீட்டா விருதுக்கு இரு பிரிவுகளில் இறுதிப்பட்டியலில் இடம்பெற்றது. விமர்சகர் சாரா வெண்டெல் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். பெரும் விவாதம் எழுந்தது. அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் ரீட்டாவுக்குப் பதிலாக வந்த விவியன் விருது, 2021இல் சமயக்கூறுகள் கொண்ட நாவல் பிரிவில் கேரன் விட்மெயரின் ‘அட் லவ்ஸ் கமாண்ட்’ நூலுக்கு வழங்கப்பட்டு, சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. 1890 டிசம்பர் 29 அன்று ஊண்டட் நீ என்னுமிடத்தில் லகோட்டா மக்கள் 250க்கும் மேற்பட்டோர் படுகொலை செய்யப்பட்ட நிகழ்வில் தொடங்கும் கதை அது. அதில் பங்குகொண்ட குதிரைப்படை அதிகாரியே நாயகன். அவன் வருந்துகிறான், படையை விட்டு விலகுகிறான், காதலும் கடவுளும் அவனுக்குக் கிடைக்கின்றன. லகோட்டாக்கள் தொடக்கக் காட்சியோடு சரி.

சைமன் வீசெந்தால் ‘சூரியகாந்தி’ நூலில் எழுதியதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். லெம்பெர்க் நகரில் கைதியாக இருந்த அவரை ஒரு செவிலி அழைத்துச் செல்கிறார். சாகக் கிடக்கும் எஸ்.எஸ். வீரன் ஒருவன், யூதர்களை வீட்டோடு எரித்ததைச் சொல்லி, ஒரு யூதரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சாக விரும்புகிறான். வீசெந்தால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியேறுகிறார். தான் செய்தது சரியா என்று பின்னாளில் பலரிடம் கேட்டு, அவர்களுடைய விடைகளையும் நூலில் சேர்த்தார். இறந்தவர்கள் சார்பில் மன்னிக்கும் உரிமை தனக்கு உண்டா என்பதே அவரை விடாத கேள்வி. காதல் நாவலில் அந்தக் கேள்விக்கு இடமில்லை, ஏனெனில் கடைசி அத்தியாயத்துக்குள் நாயகனுக்கு மன்னிப்புக் கிடைத்தாக வேண்டும்.

இதையெல்லாம் தோழியிடம் சொன்னபோது அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ மனந்திரும்புறவனுக்கு வழியே இல்லைன்னு சொல்றீங்களாக்கா? நம்ம விசுவாசமே அதுதானே” என்றாள். வழி இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த வழி ஏன் எப்போதும் அவனால் துன்புற்றவளின் இதயத்தின் ஊடாகவே போடப்படுகிறது என்றுதான் கேட்டேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. நாவலின் இறுதிப் பகுதியில் தான் அழுததாகவும், அந்தக் கண்ணீர் பொய்யில்லை என்றும் சொன்னாள். பொய்யென்று நானும் நினைக்கவில்லை. இப்போது ‘சூரியகாந்தி’ அவளிடம் இருக்கிறது.