பாண்டியன்

அக்கா மகன் பத்தாவது பரீட்சை லீவில் போனே கதியென்று கிடந்தான். என்னதான் செய்கிறான் என்று எட்டிப் பார்த்தால், ஜாவா தீவின் சாலை ஒன்றில் மதுரை – கோவில்பட்டி பஸ் போய்க்கொண்டிருந்தது.

‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’, 2017இல் மலேயோ என்ற இந்தோனேசிய நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு. அதில் பஸ்ஸுக்கு நாமே பெயின்ட் அடிக்கலாம். பிறகு, வண்டியையே செய்து ஏற்றவும் வழி வந்தது. இதைத்தான் மோட் என்கிறார்கள். பழைய வழக்கம்தான். 1993இல் வந்த டூம், தன் படங்களைத் தனிக்கோப்பில் வைத்து, ஆடுகிறவர்கள் கைவைக்க இடம்விட்டது. பிரவுசிங் சென்டரில் நான் காசைக் கரைத்த கவுன்டர் ஸ்ட்ரைக், 1999இல் ஹாஃப் லைஃபுக்கு இரண்டு இளைஞர்கள் செய்த மோடாகப் பிறந்ததுதான்.

“பெயின்ட்டுங்கிறது ஒரு படம்தான் மாமா” என்று காட்டினான். தையல்காரர் வெட்டிப்போட்ட சட்டைத்துணி மாதிரி பஸ்ஸின் பக்கங்கள் தட்டையாகக் கிடந்தன. அதில் எழுதினால் வண்டியில் ஒட்டிக்கொள்ளும். இந்தோனேசியாவிலும் சாலையின் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் நம்மூர் வண்டி அங்கே உறுத்தவில்லை.

அப்பா இருபத்தெட்டு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு திண்ணையோடு சரி. பேரன் போனை நீட்டியதும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“உள்ள திருக்குறள் போர்டு எங்கடா?”

மறுநாள் குறள் வந்தது.

“சைடுல என்ன எழுதியிருக்க?”

“தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், தாத்தா.”

“நான் ஓட்டுனது பாண்டியன்டா.”

அவனுக்குப் புரியவில்லை. சேரன், பாண்டியன், கட்டபொம்மன் என்று கழகத்துக்கு ஒரு பெயர் இருந்த காலத்தை நான் சொன்னேன். 1997இல் விருதுநகரில் தொடங்கிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனின் தளபதி, பட்டியல் சாதியில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்பு கிளம்பியது, தென்மாவட்டங்களில் கலவரம். அதே வருஷம் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரை எடுத்துவிட்டது.

“ஒரு பேரு பிடிக்கலைன்னு எல்லாப் பேரையும் எடுத்துட்டாங்களா?” என்றான்.

அப்பா பதில் சொல்லவில்லை. நானும் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த வருஷம் இதே திண்ணையில், “அந்தப் பேரு போட்ட வண்டிய ஓட்டச் சொன்னா லீவப் போட்டுருவேன்” என்று அப்பா சத்தமாகச் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பதினைந்து வயது. நானும் சிரித்தேன். அடுத்த வாரம் அவர் வண்டிக் கண்ணாடியில் கல் விழுந்தது. கண்டக்டருக்கு நெற்றியில் ஆறு தையல்.

பாண்டியன் தயாரானது. அப்பா எழுத்தைத் தடவிப் பார்க்கப் போக, திரை நகர்ந்துவிட்டது. பையன் சிரித்துக்கொண்டே கேட்டான்: “சுந்தரலிங்கம் வண்டியும் செய்யட்டா தாத்தா?”

அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செய்யி.”

இரண்டு நாளில் செய்துவிட்டான். அப்பா வாங்கி, பெரிதாக்கி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். பிறகு முதன்முறையாகத் தானே ஓட்டினார். ஒரு வளைவில் மரத்தில் இடித்தார். வண்டி நொறுங்கியதற்கு வருத்தப்பட்டது மாதிரி தெரியவில்லை. திருப்பி எடுத்து ஓட்டினார். என்னிடம் எதுவும் பேசவில்லை. நானும் பழையதைக் கிளறவில்லை.

பாண்டியன் வண்டியைப் பையன் எல்லோருக்கும் கொடுத்தான். முகம் தெரியாத பலர் இறக்கி ஓட்டினார்கள். மற்றதையும் கொடுக்கப் போனபோது அக்கா அடுப்படியிலிருந்து வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“வேணாம்டா. கீழ என்னத்த எழுதுவாய்ங்களோ. நமக்கெதுக்கு?”

அப்பாவைப் பார்த்தேன். என்னைப் பார்த்தார். இரண்டு பேருமே அக்காவுக்கு மறுப்புச் சொல்லவில்லை.

சுந்தரலிங்கம் அவன் போனில் மட்டும் ஓடுகிறது.