அடையாளம் காட்டும் மலை

ஆவணி மாதப் பௌர்ணமி. பொழுது புலரும் முன்பே தாணிப்பாறை அடிவாரத்தில் 'அரகர மகாதேவா' என்னும் முழக்கம் எழுந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு வழியாக வந்து சேர்ந்த நாங்கள் நால்வரும், வனத்துறை வாயிலில் பைகளைத் திறந்து காட்டிவிட்டு, ஊன்றுகோலும் கையுமாகச் சதுரகிரி ஏறத் தொடங்கினோம். அடியேனுக்கு வயது 71.

நான்கு திசைகளிலும் நான்கு கிரிகள் சூழ நிற்பதால் சதுரகிரி என்பர். நான்கு வேதங்களே மலைகளாயின என்றும் கூறுவர். சித்தர்கள் இன்றும் அருவமாக உலவும் மலை என்பது பக்தர்களின் நம்பிக்கை. அதனாலேயே இங்கு வருவோரில் சிலர் சுவாமி தரிசனத்தோடு மூலிகையையும் தேடி வருகிறார்கள். இருளில் ஒளிரும் ஜோதிப்புல் எங்கே என்று வினவுவோரும் உண்டு. அடியேன் வந்ததோ வேறொரு காரணத்துக்காக. ஒரு பிழைக்கு மன்னிப்புக் கேட்க வந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்குக் கண்கள் மஞ்சளித்தன. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் வீடுகளில் குழந்தைகளும் அறிந்த செய்தி. வாய்க்கால் கரையில் புளிய இலை போன்ற சிற்றிலைகளோடு ஒரு செடி வளர்ந்திருந்தது. வேரோடு பிடுங்கி வந்து, அரைத்து, மோரில் கலந்து பத்து நாட்கள் கொடுத்தேன். பதினோராம் நாள் அவள் குளிரில் நடுநடுங்கிக் காய்ச்சலில் விழுந்தாள். பித்தப்பைக் கல் ஒன்று நழுவிப் பித்த நாளத்தை அடைத்திருக்கிறது என்றார் மருத்துவர். "எந்தப் பச்சிலையும் இந்த அடைப்பைத் திறக்காது. இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்" என்று கடிந்துகொண்டார். இறைவன் அருளாலும் மருத்துவரின் திறமையாலும் பிழைத்தாள். பின்னர் மீதமிருந்த செடியைச் சித்த மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். "இது கீழாநெல்லியே அன்று" என்றார் அவர்.

நோயையும் அறியவில்லை, செடியையும் அறியவில்லை. அறிந்தவன் என்ற எண்ணம் மட்டும் இருந்தது.

மலைக்குப் புறப்பட்டபோது என் மனைவி சொன்னாள்: "நல்லபடியாகப் போய் வாருங்கள். இந்த முறை வெறுங்கையோடு வாருங்கள், அது போதும்."

எங்களுக்கு வழித்துணையாக வந்தவர் அடிவாரத்துப் பளியர் குடியிருப்பைச் சேர்ந்த பெரியவர். இம்மலையில் யாவரும் யாவருக்கும் 'சாமி'தான். ஆசீர்வாத விநாயகரை வணங்கிச் சற்றுத் தொலைவு நடந்ததும், புதரில் படர்ந்திருந்த ஒரு கொடியைக் கோலால் சுட்டினார். சென்ற பருவத்து நெற்று ஒன்று வெடித்து, உள்ளே கருமூக்குடன் சிவந்த மணிகள் தெரிந்தன. குன்றிமணி! சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்போமே, அதே மணி.

"இந்தக் கொடியில் இலை இனிக்கும் சாமி. விதை உடைந்து வயிற்றுக்குள் போனால் ஆளைக் கொல்லும். ஒரே கொடிதான். இலையைத் தின்றவன் நன்றாயிருக்கிறானே என்று விதையைக் கடித்துவிடக் கூடாது" என்றார்.

செடியின் பெயரை அறிந்தால் மட்டும் போதாது. அதன் எந்த உறுப்பு எத்தன்மையது என்பதையும் அறிய வேண்டும் என்பது அன்று கற்ற முதல் பாடம்.

வழுக்குப்பாறையில் ஒருவர் கையை ஒருவர் பற்றிக் கடந்தோம். இரட்டை லிங்கத்தை வழிபட்டு மேலே செல்கையில், பாறை இடுக்கில் தீக்கொழுந்து போலச் செங்காந்தள் பூத்திருந்தது. முருகப் பெருமானுக்கு உகந்த மலர். தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் இலை நுனி சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றிக்கொண்டிருந்ததைப் பெரியவர் காட்டினார். "பூ இல்லாத காலத்தில் இந்தச் சுருளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்" என்றார். கலப்பை போல் வளைந்த இதன் கிழங்கை உண்ணும் கிழங்கு என்று எண்ணித் தின்று உயிரிழந்தோர் உண்டு. கண்வலிக்கிழங்கு என்ற பெயரைக் கேட்டு இதைக் கண்ணுக்கு மருந்து என்று கருதுவதும் பேதைமை. சித்த மருத்துவர்கள் இதை முறைப்படி சுத்தி செய்த பின்னரே மருந்தில் சேர்க்கிறார்கள்.

நாவல் ஊற்றில் நீர் அருந்தி இளைப்பாறினோம். பெரியவர் தம் இளமைக் காலத்தைக் கூறினார். காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டினால், கொடியோடு கூடிய தலைப்பகுதியை மீண்டும் மண்ணில் புதைத்துவிட்டு வருவார்களாம். "அடுத்த வருஷமும் பசிக்குமே சாமி" என்று சிரித்தார். இன்று இது புலிகள் காப்பகம். பக்தர்கள் ஓர் இலையையும் பறிக்கலாகாது, சட்டமும் அதுவே. வேரோடு பிடுங்கிய பழைய நினைவு என் கையில் சுட்டது.

கோயிலை நெருங்கியபோது பாதையோரத்துச் சிறு செடி ஒன்றைப் பெரியவர் கோல் நுனியால் மெல்ல நிமிர்த்தினார். இலை வரிசையின் அடியில், கடுகு போன்ற பச்சைக் காய்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கின.

"இதுதான் கீழாநெல்லி. காய் கீழே இருப்பதால் அந்தப் பேர்."

நான் குனிந்து நோக்கினேன். வாய்க்கால் கரைச் செடியின் அடிப்புறத்தை நான் புரட்டிப் பார்த்ததே இல்லை.

"இதுவும் போதாது சாமி. தண்டு சிவந்த சாதி ஒன்று உண்டு. அதற்கும் காய் கீழேதான். ஆனால் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்டு, இலை, காய் மூன்றையும் பார். மூன்றில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் கையை எடுத்துவிடு. வாயில் வைத்துப் பார்ப்பது கடைசி. அதுவும் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான்."

நண்பகலில் சுந்தர மகாலிங்கத்தின் சந்நிதியை அடைந்தோம். சற்றே சாய்ந்த திருமேனி. அதன் வரலாற்றை அன்பர்கள் அறிவார்கள். பச்சைமால் என்னும் இடையன், தன் பசுவின் மடியில் பால் அருந்திய துறவியைத் திருடன் என்று எண்ணிக் கோலால் அடித்தான். அடிபட்டவர் சிவபெருமான். எதிரே நின்றவரை அவன் அடையாளம் காணவில்லை. ஆயினும் பெருமான் அவனைச் சினவாது ஆட்கொண்டார். அடிபட்ட அடையாளத்தோடே இங்கு எழுந்தருளினார்.

அந்தச் சந்நிதியில் நின்றபோது என் கண்கள் நனைந்தன. நானும் அடையாளம் காணாமல் அடித்தவனே. அடி விழுந்தது என் மனைவியின் உடலில். ஆலகாலத்தைக் கண்டத்தில் தாங்கியவன், எருக்கையும் ஊமத்தையையும் விரும்பிச் சூடுபவன். நஞ்சையும் மருந்தையும் படைத்தவன் அவனே. இரண்டையும் பிரித்தறியும் பொறுமையைத்தான் நாம் அவனிடம் வேண்ட வேண்டும்.

என்னைப் போன்ற முதிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கண் மஞ்சளித்தால் முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள். அதிலும் காய்ச்சலோ வயிற்று வலியோ சேர்ந்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். பச்சிலை வேண்டுமெனில் முறையாகக் கற்ற சித்த மருத்துவரைக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளிலேயே சித்த மருத்துவப் பிரிவுகள் உண்டு. செடிகளை அறிய விரும்புவோர், வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு செடியைத் தேர்ந்து, அது முளைத்துப் பூத்துக் காய்க்கும் வரை நாள்தோறும் பாருங்கள். கல்லாத பத்துச் செடிகளினும் கற்ற ஒரு செடி மேல்.

பொழுது சாயும் முன்பே அடிவாரம் வந்து சேர்ந்தோம். மறுநாள் வீட்டு வாசலில் நின்ற என் மனைவி முதலில் என் கைகளைத்தான் பார்த்தாள். திருநீற்றுப் பொட்டலம் ஒன்றே இருந்தது. பெற்றுக்கொண்டு நெற்றியில் இட்டுக்கொண்டாள்.