திங்கட்கிழமை டெல்லி

டெல்லி டூர்ல ஒரு அம்மா கடைசி நாளுக்குன்னு செங்கோட்டையை மிச்சம் வெச்சிருந்தாங்க. வருஷா வருஷம் ஆகஸ்ட் 15-ல டிவியில பார்த்த இடமாச்சே! பையன் போட்ட பிளான்ல மணிக்கணக்கு எல்லாம் இருந்தது, கிழமை மட்டும் இல்ல. திங்கட்கிழமை செங்கோட்டைக்கு லீவு. அக்ஷர்தாம், தாமரைக் கோயிலுக்கும் அதே கதைதான். (தாஜ்மகாலுக்கு வெள்ளி. போறவங்க குறிச்சு வெச்சுக்குங்க.)

சாயங்காலம் சென்னை ஃபிளைட். குதுப்மினாருக்கு வார லீவு கிடையாது, ஏர்போர்ட்டும் ரொம்ப தூரமில்ல. பெட்டியை டாக்ஸியிலயே வெச்சுட்டுப் போனாங்க. சுமார் 73 மீட்டர் கோபுரம், 1600 வருஷமா பெருசா துருப்பிடிக்காம நிக்கற இரும்புத் தூண். பையன் விளக்கி விளக்கிச் சொன்னான். அம்மா எல்லாத்துக்கும் தலையாட்டினாங்க. கிளம்பும்போதுதான் கேட்டாங்க: "அந்தக் கொடி ஏத்தற எடம் இங்கிருந்து எந்தப் பக்கம்டா?"

பையன் வடக்கே கையைக் காட்டினான்.