பேர்லின் வரைபடத்தில் இல்லாத நிறம்

2025 பெப்ரவரி 23 அன்று ஜேர்மனியில் கூட்டாட்சிப் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. தலைநகர் பேர்லினில் 12 தொகுதிகள். அதன் முடிவு வரைபடத்தை வைத்து எங்கட நண்பர் வட்டத்தில் இன்னும் விவாதம் ஓயவில்லை.

அங்கே ஒருவருக்கு இரண்டு வாக்குகள். முதலாவது தொகுதி வேட்பாளருக்கு, இரண்டாவது கட்சிக்கு. ஆசனங்களைப் பங்கிடுவது இரண்டாவது வாக்குத்தான். ஆனால் வரைபடத்துக்கு நிறம் பூசுறது பெரும்பாலும் முதலாவது. இடதுசாரிக் கட்சிக்கு 4 தொகுதிகள், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு 3, பசுமைக் கட்சிக்கு 3, சமூக ஜனநாயகக் கட்சிக்கு 1, தீவிர வலதுசாரிகளான ஏ.எப்.டி.க்கு 1. ஒரே நகரம், ஐந்து நிறங்கள்.

தொகுதி வெற்றி சின்ன விஷயமில்லை. 2021இல் இடதுசாரிக் கட்சி நாடு முழுக்க 4.9 வீதம்தான் எடுத்தது. 5 வீத எல்லையைத் தாண்டவில்லை. மூன்று தொகுதிகளை நேரடியாக வென்றால் அந்த எல்லை பொருந்தாது என்ற விதிதான் காப்பாற்றியது. அந்த மூன்றில் இரண்டு கிழக்கு பேர்லின் தொகுதிகள்.

2025இல் அதே கட்சி, மதில் இருந்த காலத்தில் மேற்குப் பக்கம் இருந்த நொய்கோல்னையும் வென்றது. குர்திஷ் குடும்பத்துப் பிள்ளையான ஃபெராட் கோச்சாக் அங்கே வென்றார். 2018இல் தீவிர வலதுசாரிகள் அவருடைய காரை எரித்திருந்தார்கள். அவருடைய ஆக்கள் வீடுவீடாகக் கதவு தட்டி வாக்குக் கேட்டார்கள். வாசிக்க எங்களுக்கும் உசாராத்தான் இருந்தது.

ஆனால் அவர் பெற்றது ஏறத்தாழ 30 வீத வாக்குகள். மிச்ச 70 வீதமும் அந்த நிறத்துக்குக் கீழே மறைந்து கிடக்கிறது. எங்களுக்கு இது புதிசில்லை. 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி கால்வாசிக்கும் சற்றுக் குறைந்த வாக்குகளோடு 6 ஆசனங்களில் 3ஐ எடுத்தது. 'யாழ்ப்பாணமே மாறிட்டுது' எண்டு எத்தனை பேர் எழுதினார்கள்!

இன்னொரு கணக்கும் இருக்கு. ஜேர்மன் குடியுரிமை இல்லாதவர்களுக்கு இந்தத் தேர்தலில் வாக்கில்லை. நொய்கோல்னில் அப்படியானவர்கள் நிறையப் பேர். எங்களில் ஒருத்தியின் மாமாவும் அவர்களில் ஒருவர். 80களில் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி மேற்குக்குப் போன எங்கட சனத்தோடு போனவர். வரி கட்டுறார், பிள்ளைகளைப் படிப்பிச்சு ஆளாக்கினார். அங்கே அவருக்கு வாக்கில்லை. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழியில்லாததால் இஞ்சயும் இல்லை. கோச்சாக்கின் ஆக்கள் மாமாவின்ர கதவையும் தட்டினவையாம். தேத்தண்ணி குடுத்துத்தான் அனுப்பினாராம்.

அந்த வீட்டுக்கு எந்த நிறம் பூசுறது?