நொய்யலில் இறங்கிய உப்பு

வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் நொய்யலைப் பார்ப்பவர்களிடம், இதே ஆறுதான் கீழே போய் உப்புத் தண்ணீராக மாறியது என்றால் நம்ப மாட்டார்கள். பேரூர், சூலூர் தாண்டி, திருப்பூருக்குள் புகுந்து, சென்னிமலைக்கு அருகில் ஒரத்துப்பாளையம் அணையைத் தொடுகிறது ஆறு. பிறகு கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது.

1992-ல் அந்த அணையைக் கட்டியது வெள்ளாமைக்காக. தேங்கியதோ சாயக்கழிவு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அதற்குச் சாதாரண உப்பையோ, கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டையோ போடுவார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறும். அது ஆற்றில் இறங்கி, கரையோரக் கிணறுகளையும் உப்பாக்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போகக்கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

மீண்டும் பட்டறைகள் ஓட வேண்டுமானால், தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்தே ஆக வேண்டும். திருப்பூரின் சுத்திகரிப்பு நிலையங்களில் முதலில் சவ்வு வழியாக நல்ல தண்ணீரைப் பிரித்து எடுக்கிறார்கள். மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சிச் சுண்ட வைக்கிறார்கள். அதன் பிறகு சில நிலையங்களில் செய்வதுதான் வேடிக்கை: சுண்டிய நீரைக் குளிர வைக்கிறார்கள்!

காரணம் இதுதான். 30 டிகிரி வெப்பத்தில் 1 லிட்டர் தண்ணீர் சுமார் 400 கிராம் சோடியம் சல்பேட்டைக் கரைத்து வைத்திருக்கும். 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 90 கிராம்தான் தாங்கும். மீதி கற்கண்டுபோலப் படிகமாகி அடியில் இறங்கிவிடும். அதை அள்ளி மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தலாம். சாதாரண உப்பு இப்படி மசியாது. குளிரிலும் சூட்டிலும் லிட்டருக்குச் சுமார் 360 கிராம் கரைந்தே நிற்கும். அதனால் கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை மறுபடி பயன்படுத்துவது கடினம். மூட்டை கட்டி அடுக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால், கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரையும் குளிர வைத்து உப்பை எடுக்கலாமே என்று தோன்றும். முடியாது. கிணற்று நீரில் லிட்டருக்குச் சில கிராம் உப்புதான் இருக்கும். எவ்வளவு குளிர்ந்தாலும் தண்ணீர் அதைக் கரைத்தே வைத்திருக்கும். பயிரை வாட்ட அந்தச் சில கிராமே போதும். வெயிலில் நீர் ஆவியாகி, உப்பு மட்டும் மண்மேல் வெள்ளையாகப் பூக்கும். பிறகு நல்ல மழை பெய்து, வடிகால் வழியே கழுவிப் போனால்தான் உண்டு.

பட்டறைக்குள் இருக்கும்போது உப்பைக் குளிரால் பிடித்துவிடலாம். ஆற்றில் இறங்கிவிட்டால் பிடிக்க ஆளில்லை. கரையோரத் தோட்டக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுத்து, உப்பின் அளவைப் பார்த்துவிட்டு விதைப்பது நல்லது.