சேறு படிந்த குப்பி

கடையில் விலைகொடுத்து வாங்கும் பொருள்களை ஆக்கினோர் யாவர் என்பதை நாம் பெரும்பாலும் அறிவதில்லை, அறிய விரும்புவதுமில்லை. விளைவித்தவர் ஓரிடத்தும், விற்பவர் வேறிடத்தும், நுகர்பவர் பிறிதோரிடத்தும் இருப்பது உலக வழக்கம். ஆயினும் ஐரோப்பிய தேசங்களில் திராட்சரச வியாபாரத்தில் ஒரு நல்வழக்கம் உண்டு. திராட்சத் தோட்டமுடைய குடும்பத்தாருள் ஒருவர், தம் வீட்டுச் சரக்கில் சில குப்பிகளை எடுத்துக்கொண்டு, நகரத்துத் தெருக்கடையொன்றுக்குத் தாமே வந்து, வாங்குவோர் நடுவே நின்று, தம் கையாலேயே வார்த்துக் கொடுத்து, அது விளைந்த வரலாற்றையும் எடுத்துரைப்பர். அத்தகைய மாலைப்பொழுதொன்றில் நமக்கு நேர்ந்ததை இங்கே எழுதப் புகுந்தோம். அது நமக்குப் பெருமை தருவதன்று. எனினும் எழுதத் தக்கது.

நாம் ஆராய்ச்சியின் பொருட்டு 2020 ஆம் ஆண்டு முதல் சில வருஷங்கள் ஜெர்மனி தேசத்துப் போன் நகரில் வசித்தோம். நம் விடுதிக்கு எதிரே சிறியதொரு திராட்சரசக் கடை இருந்தது. நாம் மது அருந்தும் வழக்கமில்லாதவராதலின் அதனுள் வாங்குவோராய்ச் சென்றதில்லை. ஆனால் நாம் இல்லாத வேளைகளில் நமக்கு வரும் தபாற் பொதிகளை அக்கடைக்காரரே பெற்று வைத்திருந்து அன்புடன் அளிப்பார். 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் பொதியொன்றைக் கொடுக்குங்கால், “வெள்ளிக்கிழமை மாலை ஆர் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு குடும்பத்தார் மகள் வருகிறார், நீங்களும் வாருங்கள். குடிக்கவேண்டுமென்பதில்லை” என்றார். மறுப்பது மரியாதையன்று என்று கருதி இசைந்தோம்.

ஆர் என்பது ஐபல் மலைநாட்டில் தோன்றி ரைன் நதியிற் கலக்கும் சிறிய ஆறு. அதன் கரைகளில் மலைச்சரிவுகள் செங்குத்தாய் எழுகின்றன. அச்சரிவுகளிற் கற்சுவர் கட்டிப் படிப்படியாய்த் திராட்சைக்கொடி வளர்க்கின்றனர். அவ்வளவு வடக்கேயுள்ள பிரதேசத்தில் செந்திராட்சை பழுப்பது அரிது; ஆயினும் அங்குள்ள கரிய சிலேட்டுக்கல் பகலில் வாங்கிய வெயிலை இரவிற் கொடிகளுக்குத் திருப்பித் தருகிறது. அதனாலேயே பிரெஞ்சுக்காரர் பினோ நுவார் என்றும் ஜெர்மானியர் ஷ்பேட்புர்குண்டர் என்றும் அழைக்கும் செந்திராட்சை அங்கே சிறந்து விளைகிறது. அப்பள்ளத்தாக்கிலுள்ள மைஷோஸ் என்னும் ஊரில் 1868 ஆம் ஆண்டிலேயே திராட்சைக் குடியானவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர்.

குறித்த மாலை நாம் கடையுட் புகுந்தபோது பன்னிருவர் அளவினர் நீண்ட மேசையொன்றைச் சூழ்ந்து நின்றனர். முப்பது வயது மதிக்கத்தக்க பெண்மணியொருத்தி, வெயிலிற் சிவந்த முகமும் காய்ப்பேறிய கைகளும் உடையவள், குப்பிகளின் தக்கைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு விரற்கடை அளவே வார்த்தாள். அதனை வெள்ளைத் தாளின்மேற் சாய்த்து நிறம் பார்த்து, சுழற்றி மணம் அறிந்து, சிறிது வாயிற்கொண்டு காற்றுடன் கலந்து நாவெங்கும் பரப்பி, பின் உமிழ்ந்துவிடுகின்றனர். உமிழ்வதற்கு, நம் பாட்டனார் தாம்பூலத்திற்கு வைத்திருந்த படிக்கம் போன்ற பாத்திரமொன்று மேசைமேல் இருந்தது. குடியாமலே மதுவை ஆராயும் அவ்விநயத்தைக் கண்டு நாம் வியந்தோம். நமக்குக் கடைக்காரர் திராட்சைச் சாறு கொடுத்தார்.

மேசையின் ஓரத்தில் திறவாத குப்பியொன்று நின்றது. அடிமுதல் கழுத்துவரை உலர்ந்த சேறு பூசியிருந்தது. ஒட்டுத்தாளின் எழுத்து ஒன்றேனும் தெரியவில்லை. அதனை அவள் யார்க்கும் வார்க்கவில்லை. இரண்டு குப்பிகள் முடிந்தபின் ஒருவர் அதனைச் சுட்டி வினவ, அவள் கூறலானாள்.

2021 ஆம் ஆண்டு ஜூலை 14 ஆம் தேதி இரவு, அளவிறந்த மழையால் ஆர் நதி பெருகிற்று. அப்பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் மாண்டனர். கொடிகள் பெரும்பாலும் மலைச்சரிவில் இருந்தமையாற் பிழைத்தன. ஆனால் நிலவறைகளும் ஆலைகளும் ஊருக்குள், ஆற்றங்கரையில் இருந்தன. அவள் வீட்டு நிலவறையில் வெள்ளம் கூரையைத் தொட்டது. மரப்பீப்பாய்கள் மிதந்து வாயிலை உடைத்துக்கொண்டு போயின. தகப்பனார் மாடியில் நின்று, தாம் முப்பது வருஷமாய்ச் சேர்த்தவை இருளிற் செல்லும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். பின்னர்ச் சேற்றிலிருந்து எடுத்த குப்பிகளைக் கழுவாமலே விற்று நிதி திரட்டலாமென அப்பள்ளத்தாக்கினர் முடிவு செய்தனர். உள்ளிருப்பது பருகத்தக்கதென்று யாரும் உறுதி கூறவில்லை. ஆயினும் ஜனங்கள் வாங்கினர். அவ்வகையில் நாற்பது லட்சம் யூரோவுக்கு மேற் சேர்ந்தது. மேசைமேல் நின்றது அக்குப்பிகளில் ஒன்றே.

அடுத்து அவள் வார்த்தது அதே 2021 ஆம் ஆண்டின் அறுவடை. “அவ்வாண்டு ஓயாத ஈரத்தாற் கொடிகளிற் பூஞ்சணம் பரவிற்று. நாங்கள் வீட்டுச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தோம். தோட்டத்திற்குச் செல்ல ஆளில்லை. மற்ற மாகாணங்களின் திராட்சைக் குடியானவர்கள், தம் வேலையை விட்டுவந்து, எங்கள் கொடிகளுக்கு இலை கழித்து மருந்து தெளித்தனர். பழத்தைப் பிழிந்ததும் பிறர் ஆலையில். புளிக்கவைத்ததும் பிறர் தொட்டியில். ஒட்டுத்தாளில் எங்கள் குடும்பப் பெயர் இருக்கிறது, இதில் எத்தனை பேருடைய கை இருக்கிறதென்பது எங்களுக்கே தெரியாது” என்றாள். பின்னர்ப் புன்னகையுடன், “இங்கிருப்பவர்களில் யாரேனும் அப்போது வந்தீர்களா?” என்று கேட்டாள்.

ஒரு முதியவர் மூன்று நாள் மண்வாரியுடன் வந்ததாகக் கூறினார். ஓர் ஆசிரியை தம் மாணவருடன் சுவரிடித்ததாகச் சொன்னாள். கடைக்காரர் பீப்பாய்களைத் தேடிச் சென்றவராம். இவ்வாறு விடை வரிசையாய் நம்மை நோக்கி வந்தது.

வாசகர்களே, அவ்விடத்தில் நம் உள்ளம் பட்டதை மறையாது கூறுகிறோம். அவ்வாண்டு ஜூலையில் நம் விடுதி மாணவர் இருவர், முழங்காலுயர ரப்பர் ஜோடும் மண்வாரியுமாய் வந்து நம் கதவைத் தட்டினர். ஆர் பள்ளத்தாக்கு போனுக்கு ஒருமணி நேரப் பயணத் தொலைவே. நாம் ஆராய்ச்சியில் ஓர் அதிகாரம் முடிக்க வேண்டியிருந்தமையால், “அடுத்த வாரம் வருகிறோம்” என்றோம். அடுத்த வாரம் வந்தது, அதற்கடுத்த வாரமும் வந்தது, நாம் செல்லவில்லை. அவ்வதிகாரத்தையோ பின்னர்த் தேவையற்றதென நாமே நீக்கிவிட்டோம். இப்பொழுது அம்மேசையருகில், “ஒருநாள் வந்தேன்” என்று கூறினால் மறுப்பார் ஒருவருமில்லை. சொல் நாவின் நுனிவரை வந்ததுமுண்டு. ஆயின் அச்சேறு படிந்த குப்பி எதிரே நின்றது. “இல்லை, வரவில்லை. நான் இங்கேதான் இருந்தேன், ஆயினும் வரவில்லை” என்றோம்.

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. அவள் நம்மைக் கடிந்தாளுமில்லை, ஆற்றினாளுமில்லை. நம் முன்னிருந்த வெறுங்கிண்ணத்தில் மற்றவர்க்கு வார்த்த அளவே வார்த்து, “மணமாவது பாருங்கள்” என்றாள். பழுத்த செர்ரிப்பழமும் மழையில் நனைந்த கல்லும் கலந்தாற்போன்றதொரு வாசனை எழுந்தது. பின்னர், “செப்டம்பரில் அறுவடை. இவ்வாண்டும் கைகள் போதா” என்றாள்.

சென்றோம். இரண்டு சனிக்கிழமைகள் அச்சரிவில் நின்று சிறு கத்தரிக்கோலாற் குலைகளை வெட்டினோம். அழுகிய பழங்களை ஒவ்வொன்றாய் நீக்கினோம். சிலேட்டுக்கல் காலடியிற் சறுக்கும். ஒருமுறை விழுந்து முழங்கை சிராய்ந்தது. நமக்கு மேல்வரிசையில் எழுபது வயதுடைய அவள் தகப்பனார், நாம் ஒரு குலை வெட்டுமுன் மூன்று வெட்டினார். கீழே ஊரில் இடிந்த வீடுகளின் வெற்றிடங்கள் தெரிந்தன. நண்பகலில் அவர் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்து, நம் ஊரில் ஆறுண்டா என்று வினவினார். உண்டு என்றோம். “நம்பவேண்டாம்” என்று கூறி மீண்டும் கொடிப்பக்கம் திரும்பினார்.

அவ்வேலை முன்செய்யாத உதவிக்கு ஈடாயிற்று என்று நாம் எண்ணவில்லை. வெள்ளத்து நாளிற் சென்றவர் செய்தது உதவி. நாம் செய்தது கூலியில்லா வேலை. அவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை அம்மலைச்சரிவிலேயே உணர்ந்தோம். கல்லூரியில் வாசிக்கும் இளைஞர்களுக்கு நாம் கூறவேண்டுவது சிறிதே: கதவு தட்டப்படும்போது எழுந்து செல்லுங்கள், அதிகாரம் காத்திருக்கும்.

ஊர் திரும்புமுன் அக்கடைக்காரரிடம் விடைபெறச் சென்றோம். குப்பியொன்று வாங்கிச் செல்வோமென நாம் கேட்க, எதனை என்றார். அலமாரியில் 2021 ஆம் ஆண்டுக் குப்பி, கழுவித் துடைத்த கண்ணாடியுடன் பளபளத்தது. அதனையே வாங்கினோம். அதனை நாம் அருந்தப்போவதில்லை. நம் மேசைமேல், முடியாத அதிகாரங்களின் அருகே, அது திறவாமல் நிற்கிறது.